கசிந்த தெர்மோஸ்டாட்டும் கொதிக்கும் ஹீட்டரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உதகையில் நெடுங்காலமாக வாட்டர் ஹீட்டர்களைப் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில், அவற்றில் பலவற்றிலும் நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியான திரவ தெர்மோஸ்டாட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

அதன் அமைப்பு மிக எளியது. தொட்டிக்குள் இருக்கும் செம்புக் குமிழில் நிரப்பிய திரவம், நீர் சூடேறச் சூடேற விரிந்து, நுண்குழாய் வழியாக ஒரு மெல்லிய உலோகத் தகட்டைத் தள்ள, அத்தகடு சுவிட்சைச் சட்டென்று துண்டிக்கிறது. (மெதுவாகப் பிரிந்தால் தீப்பொறி எழுந்து முனைகள் கருகிவிடும்.) எடுத்துக்காட்டாக, 10 மில்லி ஆல்கஹால் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் விரிவது ஏறத்தாழ 0.11 மில்லிதான், அவ்வளவே போதுமானது. 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக் கண்டுபிடிப்பாளர் கொர்னேலியஸ் டிரெபெல் இதே தத்துவத்தால் குஞ்சு பொரிக்கும் அடுப்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தினார்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நுண்குழாய் மடிந்து திரவம் கசிந்துவிட்டால் தகடு நகராது. நீர் குளிர்ந்திருப்பதாகவே கொண்டு ஹீட்டர் தொடர்ந்து கொதிக்க வைக்கும். அதற்காகவே, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் என்ற தனி சுவிட்சும், அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் வைக்கப்படுகின்றன. ஆனால், கட்-அவுட் அடிக்கடி மின்சாரத்தைத் துண்டிக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு வயரை நேரடியாக இணைத்திருப்பதை நான் பல வீடுகளில் கண்டு பதறியிருக்கிறேன்.

திரவம் கசிந்தாலும் மின்சாரம் தானே நின்றுவிடும்படி தெர்மோஸ்டாட்டை வடிவமைக்க முடியும். எல்லா ஹீட்டர்களிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். கட்-அவுட்டை நீக்குவதைப் பழுதுபார்ப்போர் உடனே கைவிட வேண்டும்.

இப்படிக்கு,
பழுதுபார்ப்பவர் ஒருவர்,
உதகமண்டலம்.