எட்டுப் பேர் வகுப்புக்கு எதற்குச் சதவீதம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளின் தேர்ச்சி விகிதப் பட்டியலை உங்கள் நாளிதழில் பார்த்தேன். நான் ஒரு சிறிய சிறப்புப் பள்ளியில் ஆசிரியை. என் வகுப்பில் எட்டே பேர். தேர்வன்று ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் எங்கள் விகிதம் 12.5 புள்ளி சரிந்துவிடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அதே காய்ச்சலுக்கு அரைப் புள்ளிதான். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் எப்படி?

ஆண், பெண், குறைபாட்டின் வகை என்று பிரித்துப் போட்டால் இன்னும் சிக்கல். என் வகுப்பில் மாணவிகள் இருவர். செவித்திறன் குறைந்தவள் ஒருத்திதான். அந்தக் கட்டத்தில் 'தேர்ச்சி 0' என்று அச்சிட்டால் அவள் பெயரையே போட்ட மாதிரி. அதை அவள் அம்மாவும் படிப்பார். இவ்வளவு சிறிய குழுக்களின் எண்களை மறைத்து வெளியிடுவது புள்ளிவிவரத் துறையில் பழைய வழக்கம்தானே?

சரி, வேறு எதைப் பார்ப்பது? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதுகிறோம். ஒரு பையனுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய இலக்கு, உதவியில்லாமல் சட்டைப் பொத்தான் போடுவது. இப்போது கழுத்துப் பொத்தான் தவிர எல்லாவற்றையும் தானே போடுகிறான். (அது எனக்கே சிரமம்.) உங்கள் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை