சமய நிறுவனங்களின் பணி நியமனத்தில் மதச் சான்று கேட்பதைத் தடுக்கக் கோரிக்கை மனு

பெறுநர்:
தொழிலாளர் நலத்துறை ஆணையர் அவர்கள்

பொருள்: சமய அமைப்புகள் நடத்தும் மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லங்களில் வழிபாட்டோடு தொடர்பில்லாத பணிகளுக்கு மதத்தைத் தகுதியாக்குவதைத் தடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மருத்துவ ஆய்வகங்களில் 11 ஆண்டுகள் வேலை செய்தவள் நான். சமய அறக்கட்டளை ஒன்று நடத்தும் மருத்துவமனையில் ஆய்வக நுட்பநர் பணிக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குச் சென்றேன். அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். இரத்த மாதிரி எடுப்பது, கருவியைச் சரிபார்ப்பது, அவசர முடிவை மருத்துவருக்குத் தெரிவிப்பது என எதிலும் நான் தடுமாறவில்லை. பிறகு அதிகாரி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காலியாக இருந்த ஒரு கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். வழிபாட்டுத் தலத்தின் பொறுப்பாளர் தரும் சான்றுக் கடிதத்துக்கான இடம் அது. நான் வேறு மதத்தைச் சேர்ந்தவள் என்றேன். கோப்பை மூடிவிட்டார்.

எப்படியாவது ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுமாறு வெளியே காத்திருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். என்னால் முடியாது. சம்பளத்துக்காக இன்னொரு கடவுளைக் கும்பிடுவதாக எழுதிக் கொடுத்தால், அவர்கள் நம்பிக்கையையும் என் நம்பிக்கையையும் சேர்த்தே அவமதித்தவள் ஆவேன்.

பூசை செய்பவரையும் மறைநூல் போதிப்பவரையும் தங்கள் மதத்திலிருந்தே தேர்ந்தெடுக்கும் உரிமை சமய அமைப்புகளுக்கு வேண்டும். அதில் அரசு தலையிடக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் பரிசோதனைக் குழாயைக் கையாளவும் கணக்கெழுதவும் சமையல் செய்யவும் மதம் எதற்கு? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1958-ஆம் ஆண்டு 111-ஆம் உடன்படிக்கை, வேலையில் மதப் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தந்த வேலையின் இயல்பே கோரும் தகுதிக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்றுள்ளன.

விலக்கை அகலமாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. அங்கே 1972-இல் செய்த சட்டத் திருத்தம் சமய அமைப்புகளின் எல்லாப் பணிகளுக்கும் விலக்கை நீட்டித்தது. பொதுமக்களுக்கான உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் 16 ஆண்டுகள் உழைத்த கட்டடப் பொறியாளர், அதை நடத்திய திருச்சபையின் தகுதிச் சான்று இல்லாததால் வேலையை இழந்தார். 1987-இல் உச்ச நீதிமன்றமும் திருச்சபையின் பக்கமே நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ 2018-இல், இத்தகைய நிபந்தனை அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவையா என்பதை நீதிமன்றங்கள் ஆராய முடிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறுமணம் செய்ததற்காகக் கத்தோலிக்க மருத்துவமனை நீக்கிய தலைமை மருத்துவர் ஒருவரின் வழக்கும் அதே ஆண்டு அங்கே விசாரிக்கப்பட்டது. அதுபோன்ற பொறுப்புகளில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருந்ததை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

ஆகவே, எந்தப் பணிக்கு மதம் அவசியம், ஏன் அவசியம் என்பதை வேலை அறிவிப்பிலேயே எழுத்தில் தெரிவிக்குமாறு இந்நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். காரணம் சொல்லப்படாத பணிகளுக்கு மதச் சான்று கேட்பதைத் தடை செய்ய வேண்டும். அரசு மானியத்தில் ஊதியம் தரப்படும் பணிகளில் இதைச் சிறிதும் தளர்த்தக் கூடாது. எல்லா மதத்தவரும் கட்டும் வரி அது. மறுக்கப்பட்டவர் எழுத்துப்பூர்வமான காரணம் பெறவும் தங்கள் துறையில் முறையிடவும் வழி வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் மதம் மாறினாலோ வேறு மதத்தவரை மணந்தாலோ வேலை பறிபோகாதபடியும் காக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தின் நகலை இணைத்துள்ளேன். விசாரணைக்கு அழைத்தால் நேரில் வந்து வாக்குமூலம் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)