சில மணி நேரமா, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், புயலுக்கு முன் வீட்டைத் தயார் செய்வது பற்றி முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். மின்சாரம் இல்லாத அந்தச் சில மணி நேரத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் நல்வாய்ப்பாக மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். சில மணி நேரம் என்றேதான் இருந்தது.

நான் பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. 2018 நவம்பர் 15 ராத்திரி, கஜா புயல் கரையேறும் முன்பே கரண்டை நிறுத்திவிட்டார்கள். அது சரிதான், கம்பி அறுந்து விழும்போது அதில் கரண்ட் ஓடக் கூடாது. ஆனால் அன்று போன கரண்ட் எங்கள் தெருவுக்குத் திரும்பியது டிசம்பர் 9-ஆம் தேதி சாயங்காலம். குடும்பத்தோடு நிறையவே பேசினோம். மூன்றாம் நாளிலிருந்து எல்லாப் பேச்சும் தண்ணீரைப் பற்றித்தான்.

உங்களுக்குத் தெரியாததா? லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்த செய்தியை நீங்களே போட்டீர்கள். அந்தத் தாளை நான் அப்புறம்தான் பார்த்தேன், ஏனென்றால் பதினொரு நாள் எங்கள் ஊருக்குப் பேப்பர் வரவில்லை. அந்தப் பதினொரு நாளுக்கும் சேர்த்துச் சந்தா வாங்கிக்கொண்டீர்கள். போகட்டும், அதை இப்போது கேட்கவில்லை.

இன்வெர்ட்டரை முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்தால் கவலையில்லை என்கிறார் கட்டுரையாளர். எங்கள் வீட்டிலும் இருந்தது, 150 ஏஎச் பேட்டரியோடு. இரண்டு ஃபேன், மூன்று லைட்டுக்கு அது ஆறு மணி நேரம் தாங்கும். விடிவதற்குள் கீ கீ என்று கத்திவிட்டு அடங்கியது. மோட்டார் போடலாம் என்றால், ஒரு எச்பி மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. ஆகவே ஆழ்குழாய்க் கிணறு நிறையத் தண்ணீர், தொட்டியில் ஒரு சொட்டில்லை. இருட்டில் உட்கார எங்களுக்குப் பழக்கம் உண்டு. கக்கூசுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் ஏழு பேர் ஒரு வீட்டில் இருக்கப் பழக்கமில்லை. கட்டுரையில் மெழுகுவத்திக்கு ஒரு பத்தி, வாசனை மெழுகுவத்தியின் வண்ணப் படம் வேறு. தண்ணீருக்கு ஒரே வரி: தேவையான அளவு பிடித்து வைக்கவும்.

தேவையான அளவு என்றால் எவ்வளவு என்று நான் சொல்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எங்களுக்கு நாளொன்றுக்கு மூன்று குடம். மேல்தொட்டியை நிரப்பி அதன் வால்வை அடைத்துவிட வேண்டும். அண்டா, நெல் அவிக்கிற கொப்பரை, குழந்தை குளிக்கிற டப்பு ஒன்று விடாமல் நிரப்ப வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அடிபம்பு இருந்தது. மோட்டார் வைத்த தொட்டி வந்ததும், இனி எதற்கு என்று பிடுங்கிவிட்டார்கள். வேண்டாம் என்று அன்றைக்கே சண்டை போட்டேன், யார் கேட்டார்கள்? மண்ணெண்ணெய்யும் அப்படித்தான். குறைந்து குறைந்து எங்கள் கார்டுக்கு நின்றே போனது. அரிக்கேன் விளக்கு பரணில் பத்திரமாக இருந்தது, ஊற்றத்தான் ஒன்றுமில்லை. சுற்றிலும் அத்தனை தென்னை விழுந்து கிடந்தும் அடுப்புக்கு விறகில்லை, பச்சை மட்டை எரியுமா? இண்டக்சன் அடுப்பு வாங்கியவர்களெல்லாம் எங்கள் வீட்டு சிலிண்டரைத் தேடி வந்தார்கள்.

மருந்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. என் மாமியாருக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின். ஃப்ரிட்ஜ் நின்றதும் மருந்து அத்தனையும் வீண் என்று அழுதே விட்டேன். முகாமுக்கு வந்த நர்சம்மாதான் வழி சொன்னார். பெரிய சட்டியில் மணலைக் கொட்டி, நடுவில் சின்னப் பானையைப் புதைத்து, பாட்டில்களை அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடினோம். காலையும் மாலையும் மணலில் ஒரு செம்பு தண்ணீர். சூடு படாமல் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும் என்றார். தாங்கியது. எங்கள் வீட்டில் தண்ணீர் குறையாமல் ஊற்றப்பட்டது அந்தச் சட்டிக்கு மட்டும்தான்.

ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்கலாமாம். எடுத்தோம். ஒரு தொட்டி நிரப்ப 800 ரூபாய், செல்போன் சார்ஜுக்கு 20 ரூபாய். ஏடிஎம் எல்லாம் செத்துக் கிடந்தபோது சுருக்குப்பையில் சில்லறை நோட்டு வைத்திருந்தவர்தான் பணக்காரர். இப்போது டீக்கடைக்குக்கூட ஸ்கேன் பண்ணுகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொல்லும் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. வெளிக்கம்பியைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் மாட்டினால் கரண்ட் வெளிக்கம்பிக்கு ஏறுமே, கம்பத்தில் இருக்கிற மனிதன் கதி?

அந்த மனிதர்களை எனக்குத் தெரியும். நான் அப்போது சத்துணவு அமைப்பாளர். வெளி மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த மின் ஊழியர்களில் சிலர் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் தங்கினார்கள். இடுப்பளவு சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து போவார்கள். ஒரு பையனுக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்புளம், சோற்றைப் பிசைய முடியவில்லை. ஸ்பூன் கொடுத்தேன், வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டான். குடும்பத்தோடு பேசும் நல்வாய்ப்பு அவனுக்கு எத்தனை நாள் கிடைக்கவில்லையோ.

2016-இல் வர்தா புயல் வந்தபோது சென்னையில் விழுந்த மரங்களைத் தெருத்தெருவாக எண்ணிப் போட்டீர்கள். சென்னைக்காரர்கள் பட்டதும் பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் புயல் கரையைக் கடந்தது என்றதும் உங்களுக்குச் செய்தி முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பம். வீட்டு வாசலில் நாங்கள் வைத்து வளர்த்த முப்பது வருஷத் தென்னை பதினேழும் சாய்ந்தன. காய் வெட்டி, மட்டை கழித்துப் பாரத்தைக் குறையுங்கள் என்று ஐப்பசியிலேயே யாராவது எழுதியிருந்தால் அதில் இரண்டு மரமாவது நின்றிருக்குமோ என்னவோ.

என் கோரிக்கை பெரிதில்லை. ‘திருத்தம்’ என்று மூலையில் போடுவீர்களே, அதில் ‘சில மணி நேரம்’ என்பதைச் ‘சில வாரம்’ என்று திருத்துங்கள். கூடவே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும், வெட்டிச் சமையலறைக் கதவில் ஒட்டுகிற மாதிரி கொட்டை எழுத்தில் போடுங்கள். அந்த மெழுகுவத்திப் படத்துக்குக் கொடுத்த இடமே போதும்.

இப்படிக்கு,
தங்கள் இருபத்தாறு வருஷ வாசகி,
பேராவூரணி வட்டம்.

பி.கு.: சுருக்கித்தான் வெளியிடுவீர்கள் என்று தெரியும். தண்ணீர் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவையுங்கள். 2019-இல் நான் எழுதிய கடிதத்தில் முதலில் வெட்டியது அதைத்தான்.