பதினொரு புள்ளிகள்

காரைக்குடி,
சனிக்கிழமை

அன்புள்ள சோமு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு வீடுதான் காரணம். இரண்டாங்கட்டில் ஓடு மாற்ற ஆள் வைத்தோம். வந்தவர் நாலு நாள் வேலை பார்த்துவிட்டு, முன்பணத்தோடு போனவர் போனவர்தான். மழை வந்தால் இன்னும் அண்டா வைத்துத்தான் பிடிக்கிறோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "கருந்துளை அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் என்றாய். அப்புறம் அங்கிருந்து காற்று வீசுகிறது என்கிறாயே, எப்படிடா?" என்று மடக்கியிருந்தாய்.

உள்ளே போனது போனதுதான். காற்று கிளம்புவது வாசலில் மொய்க்கிற கூட்டத்திலிருந்து. கருந்துளையைச் சுற்றித் தட்டு போலச் சுழலும் வாயு, உரசி உரசிப் பயங்கரமாகச் சூடேறுகிறது. அந்த வெளிச்சமும் காந்தப்புலமும் நெட்டித் தள்ள, வாயுவில் ஒரு பகுதி விழுவதற்கு முன்பே வெளியே பாய்ந்துவிடுகிறது. பந்தியில் இடம் பிடிக்க முண்டியடிக்கும்போது நாலு பேர் வெளியே வந்து விழுவார்களே, அப்படி. வேகம் மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு! இரும்பு அணுக்கள் எக்ஸ் கதிரின் நிறமாலையில் விடும் கோடு, வழக்கமான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்து இதைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் காற்று சுற்றியுள்ள வாயுவில் போய் மோதும்போது அதிர்ச்சி அலை உண்டாகிறது. அங்கேதான் வேடிக்கை. உங்கள் வீட்டுப் பெரிய ஊஞ்சலில் என்னை உட்காரவைத்து, ஒரு பக்கம் நீயும் மறுபக்கம் உன் அண்ணனும் நின்று தள்ளுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு தள்ளும் சின்னதுதான், கடைசியில் கால் உத்தரத்தைத் தொட்டுவிடும். புரோட்டான்களும் அதிர்ச்சி அலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடந்து கடந்து வேகம் சேர்க்கின்றன. பிறகு வாயு அணுக்களில் மோதிப் பையான் என்ற துகளைப் பிறப்பிக்கின்றன. மின்னூட்டம் இல்லாத பையான் உடனே சிதைந்து, எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிகுந்த இரண்டு காமா கதிர்களாகிவிடும்.

காமா கதிரைக் கண்ணாடி வைத்துக் குவிக்க முடியாது. நம் முகப்பில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியை ஊடுருவிக்கொண்டு போய்விடும். அதனால் 2008இல் நாசா அனுப்பிய ஃபெர்மி தொலைநோக்கியில் டங்ஸ்டன் தகடுகளை அடுக்கியிருக்கிறார்கள். கதிர் அதில் பட்டு எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்த ஜோடியாக மாற, அந்தத் தடத்தைப் பின்பற்றி வந்த திசையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும், நடுவில் கருந்துளை இருந்து இப்படிக் காற்று வீசும் விண்மீன் மண்டலம் ஒன்றைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இரைச்சலில் அமுங்கிவிட்டது. அதனால் பதினொன்றைத் தேர்ந்தெடுத்து, பதினோரு ஆண்டுக்கு மேலான தரவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினார்கள். 2021இல் வந்த முடிவில் காமா கதிர் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காற்று இல்லாத மண்டலங்களையும் அதே முறையில் கூட்டிப் பார்த்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. கூட்டி ஒன்றைக் காட்டுவது யாருக்கும் முடியும், கூட்டியும் வராத இடத்தைச் சேர்த்துக் காட்டினால்தானே கணக்கு நம்பும்படி இருக்கும்?

இதைப் படித்தபோது அப்பச்சியின் புள்ளி வரி நோட்டுதான் நினைவுக்கு வந்தது. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வசூலிப்பார்களே, அந்த நோட்டு. சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் கரையான் தின்றது. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியின் பெயருக்கும் நோட்டில் ஒரு கோடு, அதற்கு நேரே ஒரு சொற்பத் தொகை. அதை வைத்துக்கொண்டு கோயிலில் ஒரு விளக்குக்கு எண்ணெய்கூட விட முடியாது. பக்கத்தின் அடியில் கூட்டிப் போட்டிருக்கிற தொகையைப் பார்த்தால்தான் திருப்பணி எப்படி நடந்தது என்று புரிகிறது.

நம் பால்வெளியும் சும்மா இருந்ததில்லை. அதன் நடுவிலிருந்து மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு நீளும் காமா கதிர்க் குமிழ்களை 2010இல் கண்டுபிடித்தார்கள். அந்த நடுவில் இருக்கும் நம் கருந்துளை என்றோ விட்ட மூச்சின் மிச்சமாக அவை இருக்கலாம்.

மாசியில் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வருகிறாய் அல்லவா? உன் பழைய பைனாகுலரை மறக்காதே. காமா நம் கண்ணுக்குச் சிக்காது. ஆனால் விடிகாலை நாலரைக்கு மொட்டைமாடியில் தென்கிழக்கே பார்த்தால் தனுசு பக்கம் அந்த நடுப்பகுதி இருக்கும். காப்பிக்கு நான் பொறுப்பு, எழுந்திருப்பது உன் பாடு.

அன்புடன்,
உன் அண்ணாமலை