பேங் என்றால் என்ன?

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். பெரியவன் போனில் “பேங்னா என்ன மாமா” என்று கேட்டதற்கு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வெடிச் சத்தம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அது போதாது, இதை அவனுக்குப் படித்துக் காட்டு. பணம் போடும் பேங்க் இல்லை, கடைசியில் ‘க்’ கிடையாது.

இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் நாள் முழுக்க இந்த இங்கிலீஷ் சொல்தான். கதவை அறைந்து சாத்தினால் பேங், நிலையில் தலை இடித்தாலும் அதே பேங், பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தால் ‘பேங் ஆன் டைம்’, வறுக்கும்போது தோல் வெடிக்குமாம் என்று சாசேஜுக்கு பேங்கர் என்று பேர், ஓட்டைக் காருக்கும் பேங்கர்தான், பட்டாசுக்கும் அதுவே. நவம்பர் 5 ராத்திரி ஊரே வெடிக்கும். 1605இல் லண்டன் பார்லிமெண்டைத் தகர்க்க வைத்திருந்த வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் என்ற ஆள் பிடிபட்டதைக் கொண்டாடுகிறார்கள். அவர் பிறந்தது பக்கத்து யார்க்கில். அந்தப் புகை வாடை வந்தால் எனக்கு நம் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம், ஐப்பசி மழையில் நமுத்துப்போன வெடியை அம்மா முறத்தில் பரப்பி, வெயில் தலைகாட்டும் நேரம் பார்த்துக் காயவைப்பாளே.

எனக்கு ரொம்பப் பிடித்தது சொல்லின் பூர்வீகம். பழைய நார்ஸ் மொழியில் ‘பங்கா’ என்றால் சுத்தியலால் அடிப்பது. அங்கிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். 866இல் வடக்கிலிருந்து கடல் வழியாக வந்து யார்க்கைப் பிடித்த வைக்கிங்குகள் பேசிய மொழி அது. அப்படியானால் முதலில் கையும் சுத்தியலும், அப்புறம்தான் சத்தம்! பக்கத்து பிங்லியில் பிறந்த வானியல் அறிஞர் ஃப்ரெட் ஹாயில்தான் 1949இல் பிபிசி வானொலியில் ‘பிக் பேங்’, அதாவது பெருவெடிப்பு, என்று முதலில் சொன்னார். பிரபஞ்சம் அப்படித் தொடங்கியது என்பதை அவர் ஏற்கவே இல்லை, ஆனாலும் அவர் வைத்த பெயர்தான் நிலைத்தது.

நம்ம சத்தச் சொற்களில் டமாரும் தடாலும் ‘என்று’ இல்லாமல் நடக்காது. சலசல மட்டும் சலசலத்தது, சலசலப்பு என்று வளரும், வாய்க்காலில் தொடங்கி ஊர்க் கூட்டம் வரைக்கும் போகும். களத்தில் கதிர் அடிக்கும்போது வரும் சத்தத்துக்கு நம் ஊரில் ஏதாவது சொல் இருந்ததா? இப்போது மிஷின்தான் அறுக்கிறது, அப்பாவிடம் கேட்டு எழுது. சம்பா நடவு முடிந்ததா, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்றும் எழுது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி