கலாவுக்கு, அல்சூரிலிருந்து

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கன்னடப் பரீட்சையில் ஒருவழியாகத் தேறிவிட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பலதரப்பட்ட ஆட்கள் இருந்தால் வேலை நன்றாக நடக்கும், அதனால் இடஒதுக்கீடு வேண்டும் என்கிறார்களே, அது நியாயமான காரணம்தானா என்று எழுதியிருந்தாய். இடஒதுக்கீடு வேண்டும், கலா. ஆனால் அந்தக் காரணம் போதாது.

எங்கள் டீமில் ஒரு பெண் இருக்கிறாள். கோலார் தங்கவயல்காரி, தமிழ்க் குடும்பம். 2001இல் சுரங்கத்தை மூடியதிலிருந்து அந்த ஊரில் பாதிப்பேருக்கு பெங்களூர் ரயில்தான் பிழைப்பு. அவளும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ஏறி வருகிறாள். டேட்டாபேஸ் வேலையில் கெட்டிக்காரி. போன மாதம் சர்வர் மாற்றுவதைப் பற்றி மீட்டிங். மேலதிகாரி அவள் பக்கம் திரும்பி, "நீ வேறு பின்னணியிலிருந்து வந்தவள், உன் பார்வையைச் சொல்லேன்" என்றார். சர்வரில் என்ன தனிப் பார்வை? அவள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலிப் பையனிடம் யாரும் பின்னணி கேட்கவில்லை. அவனுக்கு வேலை தெரிந்தால் போதும். இவள் மட்டும் அதற்கு மேலும் ஒரு பயன் காட்ட வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

அமெரிக்காவில் இதே காரணத்தை நம்பித்தான் ஏமாந்தார்கள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தையும் பார்க்கலாமா என்று 1978இல் நடந்த பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பவல், சமூகத்தில் நடந்த அநீதிக்கு ஈடு என்ற வாதத்தை ஏற்கவில்லை. பலதரப்பட்ட மாணவர்கள் இருப்பது படிப்புக்கு நல்லது என்பதை மட்டும் ஏற்றார். இனத்தையும் பார்த்துச் சேர்க்கும் முறை 45 வருடம் அந்த ஒற்றைக் காலில் நின்றது. 2023 ஜூனில் ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சேர்க்கை பற்றிய வழக்கில், அந்தப் பயனை அளக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்தக் காலையும் தட்டிவிட்டது.

நம் பக்கம் பேச்சே வேறு. 1918இல் மைசூர் மகாராஜா மில்லர் குழுவை அமைத்ததற்குக் காரணம், அரசு வேலைகளில் பிராமணர் அல்லாதவர்கள் மிகக் குறைவாக இருந்தது. அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் அரசியல் சட்டத்தின் 16(4)ஆம் பிரிவும் போதிய பிரதிநிதித்துவம் இல்லாததைத்தான் பேசுகிறது. அதாவது பங்கு. தங்கைக்குச் சொத்தில் பங்கு பிரிக்கும்போது அவளால் வீட்டுக்கு என்ன லாபம் என்றா கேட்கிறோம்?

நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று இருந்தது. இனிஷியல் மட்டும் உள்ள நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டு மாற்ற வைத்தவள் அந்தப் பெண்தான். ஆனால் அது வட்டி, கலா. முதல் வேறு. தனியார் கம்பெனிகளை இடஒதுக்கீட்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது. எல்லாம் அவர்கள் மனசுதான். போன வருடம் எங்கள் ஆபீஸில் செலவைக் குறைக்கச் சொன்னதும் முதலில் நின்றது, சிறிய ஊர்ப் பிள்ளைகளை எடுக்கும் திட்டம்.

அப்புறம், டிப்ளமோ முடித்த உன் மாணவியைப் பற்றி எழுதியிருந்தாயே, பயோடேட்டாவை எனக்கே அனுப்பச் சொல். இன்டர்வியூவுக்கு வந்தால் நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
வசந்தி