மான்செஸ்டருக்கு ஒரு சனிக்கிழமை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை வகுப்பு கிடையாது. அன்று ஐந்தாம் நிலையிலிருந்து எட்டாம் நிலை வரை படிக்கிற பிள்ளைகளை மான்செஸ்டருக்கு அழைத்துப் போகிறோம். காலை 6 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து கோச் கிளம்பும்.

தகவல் சொன்ன அன்றே இரண்டு மூன்று பேர் போன் செய்து கேட்டீர்கள்: “நாலு மணி நேரம் கோச்சில் போய்ப் பழைய மில்லைப் பார்ப்பதா டீச்சர்?” நியாயமான கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

என் அம்மாச்சி வீட்டில் குழித்தறி இருந்தது. குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து, மேலே தொங்கும் கயிற்றைச் சுண்டுவார். ‘டக்’கென்று, குறுக்கு நூலைக் கொண்டு போகும் நாடா, பாவின் (நீளவாட்டில் கட்டிய நூலின்) ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடும். இன்னொரு சுண்டு, திரும்பி வரும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம், விழித்தோம். கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்டுகிற அந்த வித்தைக்கு 1733-இல் காப்புரிமை பெற்றவர் ஜான் கே. மான்செஸ்டருக்குச் சற்று வடக்கே இருக்கும் பரி (Bury) என்ற ஊர்க்காரர். எனக்கு இது தெரியவந்தது பிரிட்டனுக்கு வந்து பல வருடங்கள் கழித்துத்தான். நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் நம் பக்கத்துத் துணிக்கு ஏங்கினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சடித்த பருத்தித் துணி அவ்வளவு மலிவு, அவ்வளவு அழகு, துவைத்தாலும் சாயம் போகாது. இங்கிருந்த கம்பளி நெசவாளர்கள் கொதித்துப்போய்ப் போராட, 1721-இல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே தடை போட்டுச் சட்டம் வந்தது. அந்தத் தடையின் நிழலில்தான் இங்கே பருத்தித் தொழில் வளர்ந்தது. பிறகு நூற்பு இயந்திரங்கள் வந்தன, நீராவி வந்தது. மான்செஸ்டரின் ஈரக்காற்றில் நூல் அவ்வளவாக அறுவதில்லை என்பதும் தொழிலுக்கு வசதியாகப் போயிற்று. 1853-இல் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 108 பஞ்சாலைகள் இருந்தன. துணி இப்போது எதிர்த்திசையில் ஓடியது. நம் ஊர்த் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

இதைச் சொல்லும்போது பிள்ளைகளுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் ‘மியூல்’ என்ற நூற்பு இயந்திரத்தின் முன் அவர்களைக் கொஞ்ச நேரம் நிற்க வைக்கப்போகிறேன். அதன் ஒரு பகுதி சக்கரத்தில் முன்னே வந்து நூலை இழுக்கும், பின்னே போய்ச் சுற்றும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் தவழ்ந்து போய்ப் பஞ்சுத் தூசியைக் கூட்டி எடுப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை. இயந்திரம் திரும்பி வருவதற்குள் தலையைத் தாழ்த்திவிட வேண்டும். தாழ்த்தத் தவறிய பிள்ளைகளும் உண்டு. 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பிறகுதான் சட்டம் நடக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர்களே வந்தார்கள். அதுவும் ஒன்பது வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றுதான் சொன்னது. நம் ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயது.

அப்புறம் காந்தி. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரையாடைக்கு மாறியதை நாம் பாடத்தில் படிக்கிறோம். சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1931 செப்டம்பரில், அதே உடையோடு மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள டார்வென் என்ற மில் ஊருக்கு வந்தார். அந்நியத் துணி மறுப்பால் வேலை போனவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களை நேரில் பார்த்து நம் கிராமங்களின் வறுமையைச் சொன்னார். மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்கிற புகைப்படம் ஒன்று உண்டு. கோச்சில் அதைக் கையில் கொடுத்து எல்லோருக்கும் காட்டுவேன். மான்செஸ்டர் பேராலயத்தின் அருகே 2019-இல் வைத்த காந்தி சிலையையும் பார்ப்போம்.

சிலை என்றதும் இன்னொன்று. நகர மையத்தில் அமெரிக்க அதிபர் லிங்கனின் சிலை நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கிருந்து பஞ்சு வரத்து நின்று, மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷையர் பகுதி மில்கள் மூடி, குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அந்த நிலையிலும் 1862-இன் கடைசி நாளில் மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி, அடிமை முறையை ஒழிக்கும் உங்கள் பக்கம் நிற்கிறோம் என்று லிங்கனுக்கு எழுதினார்கள். அடுத்த மாதமே அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். வயிறு காயும்போது இப்படி எழுதுவதற்கு எவ்வளவு மனசு வேண்டும்! எனக்கு இந்த நகரத்தின் மீது பிரியம் வந்ததே இதைப் படித்தபோதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830-இல் லிவர்பூலுக்கு ரயில் ஓடத் தொடங்கிய பழைய நிலையம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததே. பக்கத்தில் காசில்ஃபீல்டில், நிலக்கரி கொண்டுவர 1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய்க் கரையில் மதியச் சாப்பாடு. பிறகு ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். பஞ்சாலை முதலாளியான கணவரின் நினைவாக என்ரிகெட்டா ரைலண்ட்ஸ் கட்டி, 1900-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. உள்ளே போனால் கோயில் போலவே இருக்கும், பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்துவார்கள். அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. கால்பந்து மைதானத்துக்குப் போவோமா என்று எட்டாம் நிலைப் பையன்கள் தினமும் கேட்கிறார்கள். நேரம் போதாது, மன்னிக்கவும். குடும்பமாக இன்னொரு நாள் போகிறவர்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குவாரி பேங்க் மில்லையும் பாருங்கள். மில்லில் வேலை செய்த பிள்ளைகள் தங்கிய வீடு அங்கே அப்படியே இருக்கிறது.

மழைக்கோட்டு கட்டாயம், ஜூன் என்று நம்ப வேண்டாம். நிறைய நடக்க வேண்டியிருக்கும், பழகிய ஷூவே போதும். புளிச்சோறோ தயிர்ச்சோறோ டப்பாவில் கட்டிக் கொடுங்கள். ஒவ்வாமை, மருந்து எதுவும் இருந்தால் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள். இரவு 9 மணிக்குள் திரும்பிவிடுவோம், வழியில் தாமதமானால் வாட்ஸப்பில் சொல்கிறேன். கூட வர விரும்பும் பெற்றோருக்கு நான்கு இடம் இருக்கிறது.

இன்னொரு உதவி. வீட்டில் பழைய கைத்தறித் துண்டோ, சுங்குடிச் சேலையின் கிழிந்த ஓரமோ இருந்தால் கைக்குட்டை அளவுக்கு வெட்டிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். மில் துணியையும் அதையும் அருகருகே வைத்துப் பூதக்கண்ணாடியில் இழை எண்ணப்போகிறோம். யார் நெய்தது, எந்த ஊர் என்று தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதி அதோடு குத்திவிடுங்கள். ஒப்புதல் படிவமும் துணியும் அடுத்த சனிக்கிழமைக்குள் என் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை